என் மகளின் வலது கை

என் மகள் பதினோரு நாள் இடது கையால் எழுதியிருக்கிறாள். அவளுக்கு இடது கைப் பழக்கம் கிடையாது. கிலுகிலுப்பையைப் பிடித்த நாளிலிருந்து எல்லாமே வலது கைதான். பதினோரு நாளும் நான் அதே வீட்டில்தான் இருந்தேன். அவளுக்குச் சோறு போட்டேன், தலை பின்னினேன், நோட்டுக்கு அட்டை போட்டேன். கவனிக்கவில்லை.

நான் பார்க்கிற வேலையைச் சொன்னால் இந்த வெட்கக்கேடு முழுதாகப் புரியும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். தையல் லைனில் இருந்து வரும் ஷூவின் மேல்பாகத்தை, இடதும் வலதுமாக ஜோடி சேர்த்து, நிறம் ஒத்துப்போகிறதா, தையல் ஒரே அளவில் ஓடுகிறதா என்று பார்த்துத் தள்ளிவிட வேண்டும். பதினான்கு வருடமாக இதைத்தான் செய்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே இது இடது, இது வலது என்று சொல்லிவிடுவேன். ஊரான் வீட்டுப் பிள்ளைகளின் இடது வலதை நாள் முழுக்கப் பார்க்கிறவள், என் பிள்ளையின் இடது வலதைப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்து மிஸ் போன் செய்தார். நாலாம் வகுப்பு மிஸ். மறுநாள் பர்மிஷன் கேட்டுக்கொண்டு போனேன். அவர் தமிழ் நோட்டை என் முன்னால் விரித்து வைத்தார். ஒரு பக்கம் வரைக்கும் உருண்டையான, அழகான எழுத்து. அடுத்த பக்கத்தில் இருந்து கோணல்மாணல். எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக விழுந்து கிடந்தன.

"கையில அடி கிடி பட்டுச்சாம்மா?"

"இல்லியே மிஸ்."

"தேதியைப் பாருங்க. இன்னியோட பதினோரு நாளு. கேட்டா வாயே தொறக்க மாட்டேன்றா. ரைட் ஹேண்டை யூனிஃபார்ம் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கறா. நோட்டை நீட்டறதுகூட லெஃப்ட்லதான். மரியாதை இல்லாம குடுக்கறாளேன்னு நானே ரெண்டு வாட்டி திட்டிட்டேன்."

அப்போதுதான் எனக்கு ஸ்பூன் ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாகச் சோற்றுக்கு ஸ்பூன் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னாடி, பெரிய இடத்துப் பொண்ணாய்ட்டியா?" என்று கிண்டல் செய்துவிட்டு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை எந்தக் கையில் பிடித்தாள் என்று பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் தட்டில் ரசம் சோறு போட்டு வைத்தேன். ஸ்பூன் வைக்கவில்லை. அவள் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடு என்றேன். இடது கையை எடுத்தாள், அது முறையில்லை என்று தெரிந்து கீழே போட்டாள். வலது கையை எடுக்கவே இல்லை.

"இந்தக் கை சரியில்லம்மா."

"யாருடி சொன்னது?"

"மாமா."

மாமா என்றால் என் தம்பி. இரண்டு வீடு தள்ளி இருக்கிறான். ஒரு டேனரியில் தோலுக்குச் சாயம் அடிக்கிற பகுதியில் வேலை. காலை ஷிஃப்ட் முடிந்து மூன்றரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவான். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான். எனக்குக் கம்பெனி விட்டு வர ஆறு ஆகிவிடும். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் மகள் மாமா வீட்டுக்குப் போய்விடுவாள். மாமன் மடியைவிடப் பத்திரமான இடம் எது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் விதை அங்கே இருக்கிறது, அதைப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் லைனில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு குலுக்கல் சீட்டு நடத்துகிறோம். மாதாமாதம் எல்லோரும் ஒரே அளவு போடுவோம். சம்பளம் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருத்தி வீட்டில் கூடுவோம். பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சுருட்டி ஒரு சொம்பில் போட்டுக் குலுக்குவோம். யார் பெயர் வருகிறதோ அவளுக்கு அந்த மாதப் பணம். ஒருமுறை பணம் எடுத்தவள் பெயர் அந்தச் சுற்று முடியும்வரை சொம்புக்குள் போகாது. ஆக, எல்லோருக்கும் என்றாவது ஒருநாள் வரும், யாருக்கும் நஷ்டமில்லை. சீட்டை எடுப்பது ஒரு குழந்தை. பெரியவர்கள் எடுத்தால் மடிப்பைப் பார்த்து எடுத்தாள், விரலால் தடவி எடுத்தாள் என்று பேச்சு வரும். எழுத்துத் தெரியாத குழந்தை எடுத்தால் யாரும் வாய் திறக்க முடியாது. அவ்வளவுதான் காரணம். ராசியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

என் மகள் நாலு வயதில் எடுக்க ஆரம்பித்தாள். முதல் மாதமே, பிரசவச் செலவுக்குத் தவித்துக்கொண்டிருந்த ஒருத்தியின் பெயரை எடுத்தாள். அடுத்த மாதம், கூரை ஒழுகிக்கொண்டிருந்தவளுக்கு வந்தது. "இந்தப் பாப்பாவுக்குக் கைராசி" என்று ஒருத்தி சொன்னாள். பன்னிரண்டு பேரும் ஏதாவது ஒரு கஷ்டத்தில்தான் இருந்தோம், யார் பெயர் வந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்போம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. பணம் எடுத்தவள் பாப்பாவுக்கு இனிப்பு வாங்கித் தருவது வழக்கமாகிப்போனது. ஆற்காட்டுக்காரி ஒருத்தி ஊருக்குப் போய்வந்து ஒரு பெட்டி மக்கன் பேடாவே கொடுத்தாள். பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தவுடன் வேறு சின்னக் குழந்தையை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. ராசியான கை அல்லவா! அவள் உள்ளங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள்கூட உண்டு. நான் பக்கத்தில் நின்று பூரித்துப்போனேன். சும்மா சொல்லக்கூடாது, ரொம்பவே பூரித்துப்போனேன்.

இனி, என் தம்பி போனில் பார்க்கிற அந்த வீடியோக்காரன்.

அவன் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் அதுவும் அவனுக்கு விளம்பரம். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் சங்கிலி, முன்னால் ஒரு மேசை, மேசைமேல் நோட்டுக்கட்டு. போனில் ஒரு கலர் ஆட்டம். சிவப்பா பச்சையா என்று பந்தயம் கட்ட வேண்டும். ஜெயித்தால் நோட்டுகளை ஃபேனுக்கு முன்னால் வீசி மழை பொழிய வைப்பான். தோற்றால் ஏதாவது கோணங்கித்தனம். ஐஸ் கட்டி நிரம்பிய டிரம்மில் உட்காருவான், பச்சை மிளகாயைக் கடிப்பான், ஒருமுறை பாதிப் புருவத்தைச் சிரைத்துக்கொண்டான். கூட நாலு பேர் கைதட்டிச் சிரிப்பார்கள். கீழே ஆட்டத்துக்குப் போகும் வழி இருக்கும், தொட்டால் போதும். இந்த மாதிரி ஆட்டத்துக்குத் தடை போட்டாச்சு என்கிறார்கள். ஒரு பெயரில் போனால் இன்னொரு பெயரில் வருகிறது.

எந்தக் கலர் என்று பட்டனைத் தொடுவது அவன் இல்லை, அவனுடைய மகள். ஆறு வயது இருக்கும். இரட்டைச் சடை, முன்பல் ஒன்று இல்லை. "பாப்பா, எந்த கலர்டா?" என்பான். அது யோசித்துத் தொடும்.

நான் அதைப் பார்த்திருக்கிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் அயோக்கியத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் என் மகளும் அவனும் போனுக்குமேல் கவிழ்ந்து கிடந்தார்கள். எட்டிப் பார்த்தேன். அந்தக் குழந்தை தொட்டது, வீடியோக்காரன் ஐஸில் குதித்தான், நான் சிரித்தேன். நம்ம பாப்பா சீட்டு எடுக்கிற மாதிரியே இருக்கே என்று வேறு சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

தம்பிக்கு அப்போதே அந்த யோசனை இருந்ததா, நான் சொன்னபிறகு வந்ததா, தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது.

தம்பி என் மகளைத் தொட வைத்திருக்கிறான். தினமும் நாலு மணிக்கு, பள்ளிக்கூடத்துப் பையைக்கூட இறக்காமல். "எங்க, ராசிக் கை எங்க? ஒரு வாட்டி தொடு பாப்பா." முதல் வாரம் காசு வந்திருக்கிறது. வராமல் எப்படி இருக்கும், முதலில் கொடுத்துத்தானே இழுப்பான். அவளுக்கு ஐஸ்கிரீம், ஹேர் கிளிப்பு. அம்மாவிடம் சொல்லாதே, திட்டும் என்று வாங்கின சத்தியம். அப்புறம் போக ஆரம்பித்தது. தீபாவளி போனஸ் மொத்தமும் போனது. கடைசி நாளில் அவளைப் பத்து முறை தொட வைத்திருக்கிறான். பத்தாவது முறையும் போனபிறகு அவள் கையை விலக்கிவிட்டுக் கேட்டிருக்கிறான்:

"இன்னா பாப்பா, இன்னிக்கு உன் கை சரியில்லியே?"

அது அவனுடைய சொந்தப் பேச்சும் இல்லை. அந்தக் கறுப்புக் கண்ணாடி தோற்றுப்போகும்போதெல்லாம் சொல்கிற வசனம் அது. தன் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக் கேமராவுக்கு முன்னால் ஆட்டிக் காட்டி, "இன்னிக்கு பாப்பா கை சரியில்ல மக்களே" என்பான். பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் ஓடும். அந்தக் குழந்தை இப்போது எந்தக் கையால் எழுதுகிறதோ.

நான் தம்பி வீட்டுக்குப் போனேன். போனேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிப் போனேன்.

"தெரியாம பண்ணிட்டேன்கா" என்றான்.

"பத்து வாட்டி தெரியாம தொட வெச்சியாடா?"

"காசு போன பேஜார்ல ஒரு வார்த்த சொல்லிட்டேன். அதப்போய் மனசுல வெச்சிக்கும்னு எனக்கு இன்னாக்கா தெரியும்? அந்த வீடியோவ ஊரே பாக்குது. பசங்கதான் ஜாஸ்தி பாக்குது. எல்லாப் புள்ளைங்களுமா கெட்டுப்போச்சு?"

"புள்ளைங்க பாக்கற வீடியோவாடா அது?"

"ஆரம்பத்துலயே போட்டுடறான்கா, பதினெட்டு வயசுக்கு மேலதான்னு. சின்னதா கீழ வரும்."

சின்னதாகக் கீழே வரும். அதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் அடக்க முடியவில்லை. ஐஸ் டிரம்மும், நோட்டு மழையும், பல்லில்லாத குழந்தையும் திரை முழுக்க. எச்சரிக்கை மட்டும் எறும்பு அளவு. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவனுக்கு எதற்கடா ஆறு வயதுக் குழந்தை? மிளகாய் கடிப்பதைப் பார்த்துக் கைதட்டுவது எந்த வயது? அவனுக்குத் தெரியும், யார் பார்க்கிறார்கள் என்று நன்றாகவே தெரியும்.

கம்பெனியில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால் அந்த மெஷினை அப்படியே நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைக்கும்வரை ஒரு தையல் போடக்கூடாது. தரையில் முட்டி போட்டுக் காந்தத்தை வைத்துத் தேடுவோம். கிடைத்த துண்டுகளை நோட்டில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியாகச் சேர்கிறதா என்று பார்த்து, கையெழுத்து வாங்கினால்தான் புது ஊசி தருவார்கள். முனை மட்டும் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பெட்டியில் இருக்கும் அத்தனை ஜோடியையும் பிரித்துப் பார்ப்போம். அதிலும் குழந்தைகள் ஷூ என்றால் சூப்பர்வைசர் தலைமேலேயே நிற்பார். எங்கேயோ கடல் தாண்டி, நாங்கள் முகமே பார்க்கப்போகாத ஒரு குழந்தையின் காலில் ஒரு முள் குத்திவிடக்கூடாது என்பதற்காகப் பேரணாம்பட்டில் இருந்து பஸ்ஸில் வருகிற ஒரு அக்கா, ஐம்பது வயதில், மூட்டு வலியோடு தரையில் தவழ்கிறாள். என் குழந்தையின் கண்ணுக்குள் போகிற சரக்கை யார் தவழ்ந்து தேடினார்கள்? கையெழுத்துப் போட்டவன் யார்?

இதை வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ஒரு அப்பா பதில் போட்டார்: "வெறும் பொழுதுபோக்குதான். பெற்றோர்தான் கண்காணிக்க வேண்டும்." அவர் மகன் போன மாதம் பாதிப் புருவத்தோடு பள்ளிக்கூடம் வந்தவன். இன்டர்வெல்லில் ரப்பர் பந்தயத்தில் தோற்றுவிட்டு, வீட்டுக்குப் போய் அப்பாவின் ரேசரை எடுத்திருக்கிறான். அந்தப் புருவம் இன்னும் முளைக்கவில்லை, அதற்குள் எனக்குக் கண்காணிப்புப் பாடம். பெற்றோர் மேல் தப்பு இருக்கிறது, என் மேல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதனால் அந்த வீடியோக்காரன் யோக்கியனாகிவிடுவானா?

தம்பியிடம் ஒன்றுதான் கேட்டேன். "நீ வந்து அவகிட்ட சொல்லு. உன் கையில ஒரு தப்பும் இல்ல, எம்புத்திதான் கெட்டுப்போச்சுன்னு உன் வாயால சொல்லு."

வந்தான். என் எதிரிலேயே போனிலிருந்து அந்த ஆட்டத்தை அழித்தான். அவளை மடியில் இழுத்து உட்கார வைத்து, வலது கையைப் பாக்கெட்டிலிருந்து மெதுவாக வெளியே எடுத்து முத்தம் கொடுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. பிறகு சொன்னான்:

"மாமா சும்மா சொன்னேன்டா தங்கம். உன் கை ராசிக் கைதான். அன்னிக்கு நேரம் சரியில்ல, அடுத்த வாட்டி பாரு."

நான் அவனை எழுந்து போகச் சொன்னேன். அவனுக்குக் கடைசிவரை புரியவில்லை. என் மகள் கையை மறுபடியும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சீட்டுக் குலுக்கல் எங்கள் வீட்டில். புதுச் சுற்றின் முதல் மாதம், பன்னிரண்டு பெயரும் சொம்பில். எல்லோரும் கூடத்தில் பாயில் உட்கார்ந்ததும், "பாப்பா எங்க?" என்றார்கள்.

"பாப்பா இனிமே எடுக்க மாட்டா."

"ஏன்? ஒடம்பு சரியில்லியா?"

நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் என் தம்பியைத் திட்டினார்கள். திட்டி முடித்துவிட்டு, என் செக்கிங் மேசைக்கு எதிர் மெஷின்காரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கண்ணு பட்டிருக்கும். பாப்பா கைக்கு ஒரு வாட்டி சுத்திப் போட்டுடு, சரியாய்டும்" என்றாள். இரண்டு பேர் தலையாட்டினார்கள். நல்லவர்கள்தான். என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் மாறி மாறி உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களைப் பார்த்துத்தான் கத்தினேன்.

"சுத்திப் போட அந்தக் கையில இன்னா இருக்குது? நாமதான் ராசின்னு சொன்னோம். சொல்லிச் சொல்லி நம்ப வெச்சோம். ராசின்னு ஒண்ணு இருந்தாத்தானே அது போறதுக்கு?"

நான் உள்ளே போய் மகளைக் கூட்டிவந்து, ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்துப் பாயின் நடுவில் உட்கார வைத்தேன். "பன்னெண்டு பேரும் ஆளுக்கு ஒரு வாட்டி எடுக்கப்போறோம். எடுத்ததைப் படிச்சுட்டு மறுபடி உள்ளயே போட்டுடுவோம். யாரு எடுத்தா யாரு பேரு வந்துச்சுன்னு நீ எழுதிக்கினே வா" என்றேன். கடைசியில் பேரணாம்பட்டு அக்கா எடுப்பதுதான் இந்த மாதக் கணக்கு என்றும் சொன்னேன்.

அந்த அக்கா பதறிப்போனாள். "என் கையா? ஐயோ, வேணாம்மா. முதல் சீட்டு. நல்லது கெட்டது பாக்க வேணாமா?" அவள் புருஷன் இறந்து ஒன்பது வருடம். குங்குமம் எடுக்கும் இடத்தில் இருந்து அவளே ஒதுங்கி நிற்பாள். நாங்களும் வா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"அதுக்குத்தான்கா" என்றேன்.

எடுக்க ஆரம்பித்தோம். மகள் பென்சிலை இடது கையில் பிடித்துக்கொண்டாள். முதல் பெயரை எழுத அவளுக்கு வெகுநேரம் ஆனது. நாங்கள் காத்திருந்தோம். இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். நாலாவதாக எடுத்தவளுக்கு அவள் பெயரே வந்தது. "ஐயோ, இது கணக்குல இல்லியே!" என்று அவள் தலையில் அடித்துக்கொள்ள, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் சொம்பு வேகமாகக் கைமாறியது. ஒருத்தி படித்து முடிப்பதற்குள் அடுத்தவள் கையை விட்டாள். "பாப்பா, என்னுது எழுதினியா?" "என்னுது விட்டுட்டியாடா?" என்று நாலு பக்கமும் குரல்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். இடது கையால் ஈடுகொடுக்க முடியவில்லை. பெயர்கள் முந்திக்கொண்டு போயின. எப்போது மாற்றினாள் என்று நானும் பார்க்கவில்லை. ஒன்பதாவது பெயர் வந்தபோது பென்சில் வலது கையில் ஓடிக்கொண்டிருந்தது, அதே உருண்டையான எழுத்து.

பேரணாம்பட்டு அக்கா கடைசியாக, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். எதிர் மெஷின்காரியின் பெயர். சுத்திப் போடச் சொன்ன அவளே எழுந்து அக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மகள் அந்தப் பெயரையும் எழுதிவிட்டு நோட்டைப் பார்த்தாள். பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். யார் எடுத்தாலும் ஏதோ ஒரு பெயர் வந்திருந்தது.

"அப்போ என் கையில ஒண்ணுமே இல்லியாம்மா?"

"ஒண்ணும் இல்லடி. சும்மா கைதான்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் வாடிப்போனது. நாலு வயதிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே பெருமை அது. மக்கன் பேடாவும், கண்ணில் ஒற்றிக்கொண்ட உள்ளங்கையும், எல்லாம் போனது. நாங்கள் கொடுத்த பொய்யை அந்த ஆட்டக்காரர்கள் எடுத்துக் காசாக்கினார்கள், கடைசியில் அதை அவளிடமிருந்து பிடுங்குகிறவளும் நானாகவே ஆனேன். இதற்காகத்தான் அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரனை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

அன்று மதியம் அவள் ஸ்பூன் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்து வலது கையால் சாப்பிட்டாள்.